தொலைந்தவள் இல்லை

ஹரிஸ் பார்க், சிட்னி
11.07.1999

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலியைப் பற்றிப் போன கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. வலி போய்விட்டதா, அல்லது எழுதக் கூடாது என்று இருக்கிறீர்களா? இங்கே கடும் குளிர். எங்கள் பலசரக்குக் கடையில் ஹீட்டரை மாசிக் கருவாட்டுச் சாக்குகளுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று அவரும், அப்படியென்றால் நான் எங்கே நிற்பது என்று நானும் தினமும் வாதாடுகிறோம்.

புதினம் ஒன்று. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. யுகோஸ்லாவியாப் பக்கம் கொசோவோவில் நடந்த சண்டையைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். செர்பியர்கள் அங்கே இருந்த அல்பேனியர்களைத் துரத்தினார்கள். ஓடி வந்தவர்களில் கொஞ்சப் பேரை இந்த நாட்டு அரசாங்கம் விமானத்தில் கொண்டுவந்து, பழைய இராணுவக் குடியிருப்புகளில் வைத்திருக்கிறது. முக்கால்வாசிப் பேர் முஸ்லிம்கள். சாப்பாட்டு ஒப்பந்தம் எடுத்தவர்களுக்கு ஹலால் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. காலையில் பரமட்டா ஸ்டேஷனுக்கு வேன் வந்து எங்களை ஏற்றிப் போகும்.

முதல் நாள் ஆளுக்கு இரண்டு துண்டுப் பாண் வைத்தோம். அவர்கள் தட்டைப் பார்த்துவிட்டு மிச்சப் பாண் எங்கே என்று தேடினார்கள். நமக்குச் சோறு மாதிரி அவர்களுக்குப் பாண்.

அங்கே ஒரு பெண் இருக்கிறாள். பெயர் நெஜ்மியே. நம்மிடையே நஜ்மியா என்று வைக்கிற அதே பெயர்தான். என் வயது இருக்கும். மற்றவர்கள் வெள்ளை, இவள் நம் நிறம். எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் வந்து யன்னலோரக் கதிரையில் இருப்பாள். யாரோடும் பேச மாட்டாள். பிறவி ஊமை என்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் தன் மச்சாள் என்று சொல்லிக் கூட்டிவந்து பதிந்தாராம். அந்த அம்மாவை வேறு மாநிலத்து முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் ராத்தா, டிவியில் பகிடி போனால் மற்றவர்களுக்கு முன்னே இவள் சிரிக்கிறாள். அதுவும் இங்கிலீஷ் பகிடிக்கு.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
ஜலீலா


புத்தளம்
02.08.1999

அன்புத் தங்கை ஜலீலாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். முழங்கால் இருக்கிறது, நடக்கிறது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

கிணற்றுத் தண்ணீர் இன்னும் உவர்தான். கொட்டில் கூரைக்குப் புதுத் தென்னங்கிடுகு போட்டோம். ஒன்பது வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஊரவர்களுக்கு நான் இன்னும் ‘அகதி ரீச்சர்’.

போன கிழமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, நாங்கள் ஏன் இங்கே இருக்கிறோம் என்று கேட்டது. புத்தகத்தில் இல்லை. ஆகவே நானே கரும்பலகையில் எழுதினேன். 1990 ஒக்டோபரில் ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் வாகனம் ஒலிபெருக்கியோடு நம் சோனகத் தெருவுக்குள் வந்தது. முஸ்லிம்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்றார்கள். நகையைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தோம். துரத்தியவர்கள் பேசியதும் தமிழ், நாங்கள் அழுததும் தமிழ். அவ்வளவுதான் எழுதினேன். பள்ளிக்கூட அதிபர் அழிக்கச் சொன்னார். மத்தியானம் வரை அழிக்கவில்லை.

உன் ஊமைப் பெண்ணைப் பற்றி இங்கே முகாம் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். காது கேட்கிற ஊமை என்றால் வாய் திறக்கப் பயப்படுகிறவள் என்று அர்த்தம் என்றார்கள். இவர்களுக்குத் தெரியும்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துச் சனம் என்கிறாய். உன்னுடைய ஊர் எது என்று கேட்டால் என்ன சொல்கிறாய்?

பிரியமுடன்,
மைமூனா


ஹரிஸ் பார்க்
19.09.1999

அன்புள்ள ராத்தா,

ஸலாம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

அந்தப் பெண் ஊமை இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். மண்டபத்து டிவியில் செய்தி போய்க்கொண்டிருந்தது. சண்டை முடிந்து அல்பேனியர்கள் ஊர் திரும்புவதைக் காட்டிவிட்டு, அடுத்ததாக ஆற்றங்கரையில் ஒரு குடியிருப்பைக் காட்டினார்கள். முழுக்க எரிந்து கிடந்தது, ஒரு வீட்டுக்கும் கூரை இல்லை. நஜ்மியா கரண்டியைக் கீழே வைத்தாள். பக்கத்து மேசையில் ஒருவன் ஏதோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். ‘கள்ளர் தெரு எரிந்தது, இனிக் கோழி களவு போகாது’ என்றானாம்.

அவள் எழும்பி, அவர்கள் மொழியிலேயே பேசினாள். அந்தக் குரலை எப்படி எழுதுவது ராத்தா? கத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் கடைசிக் கதிரை வரைக்கும் போனது. குசினிக்குள் பாத்திரம் கழுவியவர்கள் தண்ணீரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ‘அது கள்ளர் தெரு இல்லை, என்னுடைய தெரு. பச்சைக் கதவு வீடு என்னுடையது’ என்றாள்.

தபால் கந்தோரில் வேலை செய்த ஒரு கிழவர் இருக்கிறார். அவர் கையை நீட்டிக்கொண்டு எழும்பினார். இந்தக் குரலைத் தெரியும், ஒவ்வொரு பின்னேரமும் வானொலியில் கேட்ட குரல் என்றார்.

பிறகுதான் அங்கே பேசியதையும் முழுக் கதையையும் எனக்கு இங்கிலீஷில் சொன்னாள். வானொலிச் செய்திகளை மொழிபெயர்த்துப் பழகிய இங்கிலீஷ் அது. அவள் ரோமா இனத்தவள். உலகம் ஜிப்சி என்று சொல்கிற சனம். அங்கே ‘மஜூப்’ என்று கூப்பிடுவார்களாம். அது பெயர் இல்லை, துப்பல். அவளுடைய ஊர் வானொலியில் ரோமா மொழிச் செய்தி வாசித்தவள். 1990இல் செர்பிய அரசாங்கம் அல்பேனியர்களை வானொலி வேலையிலிருந்து நீக்கியது. ரோமாப் பிரிவை விட்டுவைத்தார்கள். அவள் தொடர்ந்து வாசித்தாள். சண்டை முடிந்ததும், ரோமாக்கள் செர்பியர்களின் ஆட்கள் என்று சொல்லித் திரும்பி வந்தவர்கள் துரத்தத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, சண்டைக்குப் பயந்து எல்லாரும் ஓடிய வழியில், அந்தப் பக்கத்து வீட்டு அல்பேனிய அம்மாதான், ‘வாயைத் திறந்தால் உன்னை ஊரே கண்டுபிடிக்கும்’ என்று ஊமையாக்கிக் கூட்டி வந்தாராம்.

கிழவர் அன்று கேட்டார், ‘எங்களை வெளியே தள்ளின இடத்தில் நீ ஏன் இருந்தாய்?’

அவள் தலை குனியவில்லை. ‘என் மொழியில் வாசிக்க அந்த ஒரு வானொலிதான் இருந்தது. நீங்கள் எனக்காக வேறொன்று திறந்திருந்தால் அங்கே வந்து வாசித்திருப்பேன். நீங்கள் திறக்கவில்லை’ என்றாள்.

அன்றைக்கிருந்து அவள் இருக்கும் மேசையில் யாரும் இருப்பதில்லை. சண்டை வேண்டாம், சாப்பாட்டை அறைக்கே அனுப்புகிறோம் என்று எங்கள் மேலாளர் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். இப்போது கடைசியாக வருவதில்லை, முதல் ஆளாக வருகிறாள். யன்னலோரமும் இல்லை, நடு மேசை.

மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன். களைப்பாக இருக்கிறது.

ஜலீலா


ஹரிஸ் பார்க்
03.10.1999

மரியாதைக்குரிய மைமூனா மதினி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் சுகத்துக்கு அல்லாஹ்வைப் புகழ்கிறேன். நான் தாஹிர். இதுவரை நான் தங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதியதில்லை. ஜலீலாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜலீலாவின் வேலை போய்விட்டது. அவள் எழுதியிருக்க மாட்டாள். முகாமில் ஒரு பெண்ணோடு யாரும் சாப்பிடவில்லை என்பதற்காக, இவள் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டோடு போய் அந்த மேசையில் இருந்திருக்கிறாள். வேலையாட்கள் அங்கே இருந்து சாப்பிடக் கூடாது என்று சொல்லியும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ரயிலும் பஸ்ஸும் மாறி, வாரத்தில் இரண்டு தரம் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போகிறாள்.

வேலையைப் பற்றிய கவலை இல்லை மதினி. அந்தப் பெண்ணின் கதையைக் கேட்டதிலிருந்து இவள் நித்திரையில் சோனகத் தெருவைப் பற்றிக் கதைக்கிறாள். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று தங்களுக்குத் தெரியும். நல்ல சனம். பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்லுவார்கள். நாங்களும் பழைய கதை ஒன்றும் கதைக்காமல் வியாபாரத்தைப் பார்க்கிறோம். அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் சொன்னால் கேட்க மாட்டாள். தாங்கள் ஒரு சொல் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் துஆவை வேண்டும் தாஹிர்


புத்தளம்
01.11.1999

ஜலீலாவுக்கு,

ஸலாம். இங்கே மழை. கொட்டில் ஒழுகவில்லை. எனக்கும் சுகத்துக்குக் குறைவில்லை.

உனக்கு வேலை போனதை உன் மாப்பிள்ளை எழுதித்தான் நான் அறிய வேண்டியிருக்கிறது. அவர்மேல் கோபப்படாதே. உனக்குப் புத்தி சொல்லும்படி கேட்டிருக்கிறார். சொல்கிறேன், அவருக்கும் வாசித்துக் காட்டு.

மூன்றாம் நாள் வர வேண்டாம் என்றார்களாம். நாலாம் நாள் ஏன் போகவில்லை? வாசலில் நின்றாவது சாப்பிட்டிருக்கலாமே.

அந்தப் பெண் வானொலியில் தொடர்ந்து வாசித்தது சரியா என்று இங்கே பெண்கள் இரண்டு கட்சியாகி விவாதித்தார்கள். ஒருத்தி, கூட வேலை செய்தவர்களைத் துரத்தும்போது அவளும் எழும்பிப் போயிருக்க வேண்டும் என்றாள். எனக்கும் அதில் பாதி சரி என்றுதான் படுகிறது. ஆனால் வேலையை விடாததற்குத் தண்டனை தெருவையே எரிப்பதா? நம்மையும் காட்டிக்கொடுத்தவர்கள் என்றார்கள். யார், யாரை, எப்போது என்று அன்றைக்கு நான் அந்த இயக்கப் பெடியனிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? அவனிடம் ஒரு பெயரும் இருக்கவில்லை. தோளில் துவக்கு இருந்தது.

ஓகஸ்டில் நான் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. மறந்துவிட்டாய் என்று நான் நினைக்கவில்லை.

மைமூனா


ஹரிஸ் பார்க்
30.01.2000

அன்புள்ள ராத்தா,

ஸலாம். நோன்பும் பெருநாளும் நல்லபடியாகப் போயிருக்கும். பிந்தி எழுதுகிறேன், மன்னியுங்கள். உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நாலாம் நாள் கதை வந்த இடத்தில் எழும்பிப் போய்க் கடைக் கதவைப் பூட்டினார். திரும்பி வந்து, ‘உங்கட குடும்பமே இப்பிடித்தான்’ என்றார்.

ஊர் எது என்று நீங்கள் கேட்டதற்குப் பதில்: கொழும்பு என்கிறோம். விமானம் ஏறியது அங்கேதானே. கடை திறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அதை விடுங்கள். நஜ்மியாவுக்கு முகாமிலிருந்து பகலில் வெளியே வர அனுமதி உண்டு. போன ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இங்கே இந்தியர் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் தலைவர் நாகராஜன், கம்ப்யூட்டர் வேலை, சென்னைக்காரர், எங்கள் வாடிக்கையாளர். நஜ்மியா ரோமா என்று தெரிந்ததும் அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ரோமாக்கள் பழைய காலத்தில் இந்தியாவிலிருந்து போனவர்களாம். குடியரசு தின விழாவுக்குப் பரமட்டா மண்டபத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார். போனோம்.

மேடையில் ஏற்றிவிட்டு, ‘ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி தொலைஞ்சு போன நம்ம பொண்ணு’ என்று அறிமுகப்படுத்தினார். கையில் கண்ணாடி வைத்துத் தைத்த பாவாடை ஒன்றைக் கொடுத்து, ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்று கேட்டார். சனம் கை தட்டியது.

அவள் பாவாடையை மடித்து மேசையில் வைத்தாள். மைக்கைச் சரியான தூரத்தில் பிடித்தாள், பழகின கை. ‘நான் ஆட்டக்காரி இல்லை, செய்தி வாசிப்பவள். நான் தொலைந்தவளும் இல்லை. என் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும். என்னைத் துரத்தினார்கள். தொலைவது வேறு, துரத்தப்படுவது வேறு’ என்றாள். இறங்கி வந்துவிட்டாள்.

நாகராஜன் கெட்ட மனிதர் இல்லை. ஒன்றும் விளங்காத முகத்தோடு எங்கள் பின்னால் ஓடி வந்து, ஒரு பெட்டி லட்டைத் தந்தார். ரயிலில் இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டுக்கொண்டு வந்தோம். அவர்கள் மொழியில் மனிதனுக்கு என்ன சொல் என்று கேட்டேன். ‘மனுஷ்’ என்றாள். எங்களுக்கும் அதுதான் என்றேன். ‘அப்படியானால் உனக்கும் எனக்கும் அது போதும், அந்த மண்டபம் தேவையில்லை’ என்று சிரித்தாள்.

ஜலீலா


ஹரிஸ் பார்க்
26.03.2000

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகம் அறியப் பொறுமையில்லாமல் இருக்கிறேன். ஆனால் இன்றைக்கு என் கதையைத்தான் முதலில் எழுத வேண்டும்.

சிறி என்று ஒருவர், மானிப்பாய்க்காரர், எங்கள் பழைய வாடிக்கையாளர். ஞாயிறுகளில் சமூக வானொலியில் தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறார். நஜ்மியாவைக் கடையில் கண்டு கதை கேட்டவர், அவளைப் பேட்டி காண வேண்டும், நான் பக்கத்திலிருந்து தமிழில் சொல்ல வேண்டும் என்று கேட்டார். மதினி சொன்னால்தான் கேட்பாள் என்று எழுதின உங்கள் மச்சான் தடுக்கவில்லை. ‘மொழிபெயர்க்கிறது மட்டும்’ என்றார். ஓம் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அவள் சொன்னாள், நான் தமிழாக்கினேன். எரிந்த தெரு, பச்சைக் கதவு, சாப்பாட்டு மேசை எல்லாம். சிறியின் கண் கலங்கியது. முடிவில் அவர் நேயர்களுக்குச் சொன்னார்: இவர்களும் எங்களைப் போலவே சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டவர்கள், ஈழத் தமிழராகிய எங்களுக்குத்தான் இந்த வலி விளங்கும். பிறகு என் பக்கம் திரும்பி, ‘நீங்களும் ஒரு சொல் சொல்லுங்கோ ஜலீலாக்கா’ என்றார்.

நஜ்மியாவுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொழும்பு வாயில் வரவில்லை ராத்தா.

‘நான் யாழ்ப்பாணம், சோனகத் தெரு’ என்றேன். ‘தொண்ணூறாம் ஆண்டு எங்களையும் துரத்தினவை. துரத்தினது சிங்களவர் இல்லை. தமிழ் கதைக்கிறவைதான். நாங்களும் தமிழ்தான் கதைக்கிறனாங்கள். எங்கட வீட்டை யாரும் எரிக்கேல்ல, அதனால ரீவியில வரேல்ல. இதை இஞ்ச ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல. நானும் சொல்லேல்ல. இண்டைக்குச் சொல்லுறன்.’

சிறி மைக்கை மூடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். வெளியே வந்ததும்தான், ‘இந்த நேரத்தில இதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை அக்கா’ என்றார். ‘எந்த நேரம் சொல்லலாம் எண்டு சொல்லுங்கோ சிறி, அண்டைக்கு வாறன்’ என்றேன்.

இந்த வாரம் கடையில் சனம் இல்லை. ஒருவர் மட்டும் வந்து, உங்கள் மனைவி வானொலியில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். நான் உள்ளே நின்றேன். உங்கள் மச்சான் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: ‘அவ சொன்னதில ஒரு சொல் பிழை எண்டால் காட்டுங்கோ. நானே வந்து மன்னிப்புக் கேக்கிறன்.’ வந்தவர் போய்விட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டை அவரே சமைத்தார். உப்பு அதிகம். நான் சொல்லவில்லை.

ஜலீலா


புத்தளம்
20.04.2000

என் தங்கைக்கு,

ஸலாம்.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து முற்றத்தில் வைத்து வாசித்தேன். ஒரு முறை போதவில்லை, மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். பேட்டியைப் பதிந்திருந்தால் கசற் அனுப்பு. மச்சானுக்கு என் ஸலாம் சொல். அவருக்கு நான் பதில் எழுதாமல் விட்டது பிழை என்று இப்போது படுகிறது.

வேறு விஷயம் இல்லை. இந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் அலைச்சல். நீண்ட கடிதம் எதிர்பார்க்காதே.

மைமூனா


ஹரிஸ் பார்க்
13.08.2000

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் அலைச்சல் என்ன? முழங்காலுக்காக ஆஸ்பத்திரிக்கு அலைகிறீர்களா? ஒளிக்காமல் எழுதுங்கள்.

முகாமில் இருந்தவர்களை ஏப்ரலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நஜ்மியா போக மறுத்து, இங்கேயே தங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தாள். வழக்கு முடியும் வரை எங்கள் வீட்டில் இருந்தாள். கடைச் சாமான் வைக்கும் அறையை உங்கள் மச்சான் துப்புரவாக்கிக் கட்டில் போட்டுக் கொடுத்தார்.

லோயர் ஒரு யோசனை சொன்னார். முதலில் அல்பேனியர் என்று பதிந்தது அப்படியே இருக்கட்டும். இப்போது மாற்றினால் பொய்க்காரி என்பார்கள். உடல்நிலையைக் காட்டித் தங்க அனுமதி கேட்கலாம் என்றார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். விசாரணை அன்றைக்கு நானும் கூடப் போனேன். அதிகாரி, ‘நீங்கள் அல்பேனியர்’ என்று வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தார். இவள் நிறுத்தினாள்.

‘ரோமா. திருத்தி எழுதுங்கள்’ என்றாள்.

முதலில் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார். ‘உயிரோடு இருக்க. இப்போது உயிரோடு இருக்கிறேன். இனி அந்தப் பொய் தேவையில்லை’ என்றாள். லோயர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூலையில் முடிவு வந்தது. மூன்று வருஷம் இருக்கலாம் என்று அனுமதி. நான் பிரியாணி போட்டேன். நஜ்மியா சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து, தான் போகப் போவதாகச் சொன்னாள்.

கொசோவோவிலேயே பிரிஸ்ரென் என்ற ஊரில் அவளுடைய தங்கை இருக்கிறாள். அங்கே ரோமாக்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறார்கள். புதிதாகத் தொடங்கின சின்ன வானொலி ஒன்றில் ரோமா மொழிக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் தருகிறார்களாம். வாசிக்க ஆள் இல்லையாம், பயத்தில் ஒருவரும் முன்வரவில்லையாம்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. இதற்காகவா என் வேலையை இழந்தேன், இதற்காகவா உன்னோடு வாசல் வாசலாக ஏறினேன் என்றெல்லாம் கேட்டேன். பாஸ்போர்ட்டை ஒளித்து வைக்கக்கூட நினைத்தேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ‘இங்கே எனக்கு எல்லாம் இருக்கிறது ஜலீலா. ஆனால் இங்கே நான் பாதுகாப்பான ஊமை’ என்றாள்.

போன வியாழன் ஏற்றிவிட்டு வந்தோம். உங்கள் மச்சான் கறித்தூள் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

ஜலீலா


ஹரிஸ் பார்க்
21.01.2001

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து ‘சுகம், பிறகு எழுதுகிறேன்’ என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறீர்கள். இது சுகமாக இருப்பவர்கள் எழுதுகிற வரி இல்லை.

நஜ்மியா தொலைபேசியில் பேசினாள். இரண்டாவது நிகழ்ச்சியின்போது யன்னலுக்குக் கல் வந்ததாம். கண்ணாடித் துண்டுகளைத் தாளிலிருந்து தட்டிவிட்டு, மிச்சச் செய்தியையும் வாசித்துவிட்டுத்தான் எழும்பினாளாம். பயமில்லையா என்றேன். ‘பயம்தான். ஆனால் குரல் நடுங்கவில்லை, ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்த்தேன்’ என்றாள். அடுத்த வாரம் இன்னொரு பெண் தானும் வாசிக்கிறேன் என்று வந்தாளாம்.

சிறி நேற்று கடைக்கு வந்தார். அன்றைக்குப் பிறகு இப்போதுதான். மைக்கை மூடாததற்காக அவரோடும் சிலர் கதைப்பதில்லையாம். குரக்கன் மா வாங்கினார். போகும்போது, ‘அண்டைக்கு நீங்கள் முழுக்கச் சொல்லேல்ல. மிச்சத்தையும் வந்து சொல்லுங்கோ’ என்றார். அடுத்த ஞாயிறு போகிறேன். இந்த முறை மொழிபெயர்க்க ஒருவரும் இல்லை, நான் மட்டும்தான்.

உடனே எழுதுங்கள்.

ஜலீலா


சோனகத் தெரு, யாழ்ப்பாணம்
14.09.2002

அன்புத் தங்கை ஜலீலாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீயும் மச்சானும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

முகவரியை மறுபடி வாசி. பிழையாக எழுதவில்லை.

நீ பக்கம் பக்கமாக எழுத, நான் இரண்டு வருஷமாக ஒற்றை வரியில் பதில் போட்டேன். முழங்கால் காரணமில்லை. நம் தெருப் பெண்களைச் சேர்த்து, திரும்பிப் போக யார் யார் தயார் என்று கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். உனக்கு எழுதவில்லை. நஜ்மியாவைப் பிடித்து வைக்கப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். என்னையும் பிடிப்பாய் என்று தெரியும். இந்த வருஷம் சண்டை நின்று பாதை திறந்தது. நிறையப் பேர் பிறகு பார்ப்போம் என்றார்கள். கொஞ்சப் பேர் வந்தோம்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். கதவு, யன்னல், நிலை ஒன்றும் இல்லை. முன்பக்கத்துக்கு மட்டும் கூரை இருக்கிறது. அதற்குள் மீனாம்பாள் என்று ஒரு பெண்ணும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பலாலிப் பக்கம், இராணுவம் பிடித்த காணியிலிருந்து வந்தவர்கள். என்னைக் கண்டதும் சட்டி பானையைக் கட்டத் தொடங்கிவிட்டாள். ‘உங்கட காணியை விடும்வரைக்கும் இருங்கோ. எனக்குப் பின்பக்கம் போதும். ஆனால் இது என்ர வீடு, அதை மட்டும் மறக்க வேண்டாம்’ என்றேன். பின்பக்கத்துக்குக் கூரையாகத் தறப்பாள் கட்டியிருக்கிறேன். அவளுடைய மூத்த பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கணக்கில் மோசம்.

எல்லாரும் மீனாம்பாள் மாதிரி இல்லை. பள்ளிவாசல் சுவரைத் துப்புரவாக்கப் போனபோது சிலர் வேண்டுமென்றே பார்க்காமல் போனார்கள். மழைக்காலத்தில் தறப்பாள் என்ன ஆகும் என்று தெரியாது. சண்டை திரும்ப வந்தால் என்ன ஆகும் என்றும் தெரியாது. நீ இதை வாசித்து அழுவாய். அழு, பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வானொலிக்குப் போ.

நேற்று சந்திக் கடைக்கு விளக்குத் திரி வாங்கப் போனேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பழைய ஆள்தான். வாப்பாவைத் தெரியும் என்றார். நல்ல மரியாதையாகத்தான் கேட்டார்: ‘எத்தனை நாளைக்கு வந்தனீங்கள் ரீச்சர்?’

கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வகுப்பில் பேசுகிற குரலில்தான் சொன்னேன்.

‘நான் வரேல்ல தம்பி. என்ர வீட்டில இருக்கிறன்.’

உன் ராத்தா,
மைமூனா